விரிசல் பெரிதா, மெருகு பெரிதா?

பிரெஞ்சு ஏலப் பட்டியல்களில் பழைய மரச்சாமானின் நிலையைச் சொல்ல ஒரு வரி போதும் என்று நினைக்கிறார்கள். ‘சிறு சேதங்களும் சில இழப்புகளும் உண்டு’ என்பது அந்த வரி. பழம்பொருள் கடைக்காரர்களின் வரி இன்னும் சுருக்கம்: ‘வயதுக்கேற்ற நல்ல நிலை.’ இரண்டையும் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சேதம் காலத்தால் வந்தது, எது கைபட்டு வந்தது, எதைச் சரிசெய்யலாம், எதை இனி யாராலும் சரிசெய்ய முடியாது என்ற நான்கு கேள்விகளைப் பற்றியும் அவை வாய் திறப்பதில்லை.

இந்தக் குறை மிகப் பளிச்செனத் தெரிவது மூன்றாம் நெப்போலியன் காலத்துச் சுருட்டுப் பேழைகளில். மேசைமேல் வைக்கும் அளவுள்ள ஒரு பெட்டிக்குள் மூன்று கைத்தொழில்கள் குடியிருக்கின்றன: தச்சு, உலோகப் பதிப்பு, சிறு இயந்திர வேலை. மூன்றும் மூன்று விதமாக மூப்படைகின்றன. ஒன்றின் முதுமை மற்றொன்றைக் கெடுக்கிறது. ஆகவே ‘நல்ல நிலை’ என்று ஒரே சொல்லில் அடக்கினால் தீர்ப்பு பிழையாகிவிடும். காலம் செய்த பழுதைவிட, அதை மறைப்பதற்காகச் செய்யப்பட்ட வேலையே இந்தப் பேழைகளுக்குப் பெரிய கேடு என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கு எல்லை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேழையின் பிறப்பு

முதலாம் நெப்போலியனின் படைகள் 1808 முதல் 1814 வரை ஸ்பெயினில் போரிட்டன. சுருட்டுப் பழக்கம் பிரான்சில் வேரூன்றியதில் அந்தப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1810 டிசம்பரில் வந்த ஆணை புகையிலைத் தொழிலை மறுபடியும் அரசின் தனியுரிமை ஆக்கியது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் கியூபாவின் ஹவானாச் சுருட்டு வசதி படைத்தவர்களின் விருந்துக்குப் பிந்தைய சடங்காகிவிட்டது. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் புகைபிடிப்பதற்கென இருந்த தனியறைக்குப் போவார்கள். அங்கே மேசைமேல் மதுக்குப்பிகள் அடுக்கிய பேழை ஒன்றும் சுருட்டுப் பேழை ஒன்றும் இருக்கும். வீட்டுக்காரரின் செல்வமும் ரசனையும் அந்த இரண்டு பெட்டிகளிலும் விருந்தினர் கண்ணுக்குப் படவேண்டும்.

இவற்றைச் செய்து விற்ற பாரிஸ் நிறுவனங்கள் சில பெயர்பெற்றவை. ரூ த லா பே தெருவில் கடை வைத்திருந்த தஹான், பேரரசருக்குப் பொருள் வழங்குபவர் என்ற பட்டத்தைப் பெருமையுடன் பொறித்துக்கொண்டவர். அல்ஃபோன்ஸ் ஷிரூவின் நிறுவனம் 1839-இல் தாகேரின் புகைப்படக் கருவிகளைச் செய்து விற்றது. நுட்பமான பெட்டி வேலையில் அதற்கு இருந்த பழக்கத்துக்கு அதுவே சான்று. ஜெர்மனியிலிருந்து பாரிசுக்கு வந்த ஷார்ல்-கியோம் டீல் சிறு பேழைகளில் தொடங்கி, 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்குச் சிற்பி ஃப்ரெமியேயின் உலோகப் புடைப்புகளுடன் ஒரு பதக்கப் பேழையைச் செய்யும் அளவுக்கு உயர்ந்தவர்.

பேழையின் அமைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும். ஓக் அல்லது மகோகனியால் ஆன உள்ளுடல். அதன்மேல் விலையுயர்ந்த மரத்தின் மெல்லிய வெனீர். 1830-க்குப் பிறகு அல்ஜீரியா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அதன்பின் பாரிஸ் பட்டறைகளுக்குத் துயா மரத்தின் வேரடி முண்டு வரத் தொடங்கியது. புள்ளிபுள்ளியாகக் கண்கள் தெரியும் செம்பழுப்பு மரம் அது. பிரேசில் தோதகத்தியும் கருங்காலியும், கருங்காலிபோலச் சாயமேற்றிய பேரி மரமும் வழக்கத்தில் இருந்தன. ஓரங்களில் பித்தளைக் கோடு, மூடியின் நடுவில் முத்துச்சிப்பியோ பித்தளையோ பதித்த முத்திரை. இவற்றையெல்லாம் பிடித்துவைத்திருப்பது நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல்-எலும்புப் பசை. மேலே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொதியால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றிய மெருகு. ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்று நம் ஆசாரிகள் அழைப்பதும் இதுதான். பிரெஞ்சுப் பேழையை மினுக்கிய அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது.

உள்ளே திறந்தால்தான் விஷயம் தொடங்குகிறது. சாதாரணப் பெட்டியில் எடுத்து வைக்கக்கூடிய தட்டுகள் இருக்கும். உயர்ந்த ரகத்தில், மூடியைத் தூக்கும்போது பித்தளைக் கைகள் தட்டுகளை இழுத்துக்கொண்டு படிப்படியாக மேலெழுந்து விரியும். ஒவ்வொரு சுருட்டும் தன் துளையிலோ பிடியிலோ நின்று விருந்தினரை நோக்கும். இன்னொரு வகை வட்டமாகவோ அறுகோணமாகவோ சிறு கோபுரம்போல் இருக்கும். உச்சிக் குமிழைத் திருகினால் சுற்றுக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும்.

காலம் செய்யும் வேலை

முதலில் பித்தளைக் கோட்டைப் பார்க்க வேண்டும். மூடியின் மூலையில் கோடு திரும்பும் இடத்தில் விரல்நகத்தை மெதுவாக ஓட்டினால், சில இடங்களில் நகம் இடறும். பித்தளை அங்கே மரத்தைவிட்டு இம்மியளவு எழும்பியிருக்கும். எழும்பிய இடத்தின் அடியில் கருத்த அழுக்கும், சில நேரங்களில் பச்சைக் களிம்பும் தெரியும். காரணம் எளிது. காற்றின் ஈரம் கூடக்குறைய மரம் தன் நார்களுக்குக் குறுக்காக விரிந்து சுருங்குகிறது. பித்தளை ஈரத்தால் விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. மரம் சுருங்கும்போது கோட்டுக்கு இடம் போதவில்லை. அது மேலே எழும்புகிறது. 20-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளுக்குள் வந்த மையச் சூடாக்கம் குளிர்கால அறைகளை உலரவைத்து இந்த வேலையை விரைவுபடுத்தியது.

அடுத்தது வெனீர். விரல் கணுவால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் கெட்டியான ஒலி திடீரென்று பொள்ளலாக மாறும் இடங்கள் இருக்கும். அங்கே பசை விட்டுவிட்டது என்று பொருள். துயா முண்டில் மயிரிழை விரிசல்கள் நிறைய இருக்கும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. முண்டின் நார் எல்லாத் திசையிலும் ஓடுவதால் அந்த மரத்துக்கு அது இயல்பு. ஆனால் மூடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேர்கோடாக ஓடும் விரிசல் வேறு வகை. வெனீரின் அடியில் உள்ளுடல் பலகையே பிளந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. முதல் வகைக்கு மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் குறைக்கத்தான் வேண்டும்.

மரத்துளைப் பூச்சி ஏற்படுத்திய துளைகளும் இப்படித்தான். ஊசித்தலை அளவுத் துளைகள் ஓரங்கருத்து, உள்ளே தூசி அடைந்திருந்தால் அது பழைய கதை. துளையைச் சுற்றி வெளிறிய புதுத்தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது. முன்னதை மன்னிக்கலாம். பின்னதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற சாமான்களும் உளுத்துப்போகும்.

அரக்கு மெருகு மங்குவது, தண்ணீர் பட்ட இடம் வெளுப்பது, மதுக் கோப்பை வைத்த இடத்தில் வட்டம் விழுவது எல்லாம் மேலோட்டமானவை. அரக்கு ஸ்பிரிட்டில் மறுபடியும் கரையும். பழைய மேற்பூச்சை முழுவதும் களையாமலே அதை உயிர்ப்பிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வச்சிரமும் ஈரமும் சூடும் பட்டால் இளகும். எழும்பிய பித்தளையையும் வெனீரையும் திரும்பப் படியவைக்க அந்த இளக்கமே வழி. காலம் செய்த பழுதுகளில் பெரும்பாலானவை இப்படித் திரும்பச் சரிசெய்யக்கூடியவை. அல்லது குறைந்தபட்சம், இன்னது நடந்தது என்று படிக்கக்கூடியவை.

கை செய்யும் வேலை

இதற்கு நேர்மாறானவை மனிதக் கை செய்தவை. அவற்றில் மிகக் கொடியது உப்புத்தாள். 19-ஆம் நூற்றாண்டில் அறுத்தெடுத்த வெனீர் இன்றைய இயந்திரம் சீவும் வெனீரைவிடத் தடிமனானது என்றாலும், அதுவும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். எழும்பிய பித்தளையைச் சமப்படுத்த உப்புத்தாளோ அரமோ போட்டுத் தேய்த்தவர், பித்தளையின் மேல் செதுக்கியிருந்த நுண்கோடுகளையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். இலை நரம்பும் மலர் இதழும் போன பித்தளை வெறும் மஞ்சள் தகடாகிவிடும். ஒளியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் வடிவத்தின் வெளிக்கோடு இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. இதைத் திருப்பிக் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது. மறுபடி செதுக்கினால் அது புதியவர் ஒருவரின் கோடு.

அடுத்தது நவீன மேற்பூச்சு. பாலியூரித்தேன் பூசிய பேழை கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் பூச்சு ஸ்பிரிட்டில் கரையாது. அதை எடுக்க வேண்டுமானால் அதற்கு அடியில் இருக்கும் மரத்தின் நிறத்தையும் சேர்த்தே இழக்க வேண்டும். புறஊதா விளக்கில் பழைய அரக்கு ஆரஞ்சு நிறமாக ஒளிரும். அந்த ஆரஞ்சு ஒளி எங்குமே இல்லாத பேழையின் மேற்பரப்பு பழையது என்று விற்பவர் சொன்னால் நம்பத் தேவையில்லை.

திருகாணிகளும் சாட்சி சொல்லும். கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலையில் ஒற்றை வெட்டு இருக்க வேண்டும். நட்சத்திரத் தலைத் திருகாணி இருந்தால், அது 1930-களுக்குப் பிறகு யாரோ கீலைக் கழற்றி மாட்டியதற்கு அடையாளம். ஆமை ஓடு என்று சொல்லப்படும் பதிப்பும் சோதிக்க வேண்டியது. உண்மையான ஓடு அழுங்காமையுடையது. அதன் அடியில் சிவப்பு வண்ணம் பூசி நிறத்தைத் தூக்கிக் காட்டுவது அக்கால வழக்கம். செல்லுலாய்டு 1870-களில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே பேரரசுக் காலப் பேழையில் செல்லுலாய்டு துண்டு இருந்தால் அது பின்னால் ஒட்டிய ஒட்டு.

ஆமை ஓடு உண்மையானது என்று தெரிந்தாலும் மகிழ்ச்சிக்கு முன் ஒரு எச்சரிக்கை உண்டு. அழுங்காமையும் பிரேசில் தோதகத்தியும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்ஸ்’ பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. தோதகத்தி அதில் சேர்ந்தது 1992-இல். உரிய சான்றிதழ் இல்லாமல் இப்படிப்பட்ட பேழையை நாட்டெல்லை தாண்டி எடுத்துப்போனால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். இதுவும் ‘நிலை’யில் சேர்க்க வேண்டிய செய்திதான், காகிதம் இல்லாத பேழை பாதிப் பேழை.

பூட்டில் இருக்கும் பெயர்

வாங்குபவர்கள் முதலில் பூட்டின் பித்தளைத் தகட்டைத்தான் குனிந்து பார்க்கிறார்கள். அதில் தஹான் என்றோ ஷிரூ என்றோ பொறித்திருந்தால் விலை ஏறிவிடுகிறது. இந்தப் பழக்கத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் பாதி அடிப்படைதான்.

பொறிப்பால் கிடைக்கும் உறுதியான பயன் காலக்கணிப்பு. பேரரசருக்கு வழங்குபவர் என்று பட்டம் பொறித்த பூட்டு, மூன்றாம் நெப்போலியன் பேரரசரான 1852 டிசம்பருக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. பேரரசு விழுந்த 1870 செப்டம்பருக்குப் பின் அந்தப் பட்டத்தைப் பொறிக்கவும் காரணம் இல்லை. பதினெட்டு ஆண்டுக்குள் பேழையை அடைத்துவிடலாம். ஆனால் அந்தப் பெயர் செய்தவரின் கையைக் குறிப்பதில்லை. இவை நிறுவனங்கள், பல கைகள் வேலை செய்த பட்டறைகளும் கடைகளும். ஒரே பெயரின்கீழ் மிக நுட்பமான பேழையும் சுமாரான பேழையும் வெளிவந்திருக்கின்றன.

இன்னொரு சிக்கல், பூட்டு கழற்றக்கூடியது. சிதைந்த நல்ல பேழையின் பூட்டை எடுத்துப் பெயரில்லாத பேழையில் பொருத்துவது கடினமான வேலை அல்ல. பூட்டு உட்காரும் குழியைப் பார்த்தால் உண்மை தெரியும். குழியின் ஓரம் பூட்டுக்குக் கச்சிதமாக இருக்கிறதா, உளி பட்ட இடம் மற்ற மரத்தின் அளவுக்குக் கருத்திருக்கிறதா, பழைய திருகாணித் துளை எதையாவது அடைத்திருக்கிறார்களா? பெயரைப் படிப்பதற்கு ஒரு நொடி போதும். குழியைப் படிக்கச் சற்று நேரம் செலவிட வேண்டும். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது.

சுருட்டு வைக்கலாமா?

நிலை பற்றிய பேச்சில் மிகுந்த குழப்பம் இந்தக் கேள்வியால்தான். ‘இன்றும் பயன்படுத்தலாம்’ என்பது விற்பவர்களின் விருப்பமான வாசகம். அதற்காகவே பழைய உட்புறத்தைப் பிடுங்கிவிட்டு ஸ்பானிய செடார் பலகை பதித்து, ஈரப்பதக் கருவியும் அளவுமானியும் பொருத்திய பேழைகள் சந்தையில் நிறைய உண்டு. கடைக்காரர் இதை மேம்பாடு என்கிறார். நான் இதை அழிவு என்பேன்.

ஹவானாச் சுருட்டு கெடாமல் இருக்க 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும். அருங்காட்சியகங்கள் பழைய மரச்சாமான்களுக்கு நாடுவது 50-ஐ ஒட்டிய, ஏறியிறங்காத ஈரப்பதம். உள்ளே 70, வெளியே அறைக்காற்றின் 40 அல்லது 50 என்று வைத்தால், ஒரே பலகையின் ஒரு முகம் விரியப் பார்க்கும்; மறுமுகம் சுருங்கப் பார்க்கும். பலகை வளையும். ஈரத்தில் வச்சிரம் இளகும். வெளிப்புற வெனீரும் பித்தளையும் விடுபடும். சுருட்டைக் காப்பாற்றப் பேழையைக் கொல்லும் ஏற்பாடு இது.

அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கலாம். பேழையே பதில் சொல்கிறது. மூடி காற்றுப் புகாதபடி இறுக மூடுவதில்லை. தட்டுகள் துளையிட்ட திறந்த வேலைப்பாடு. ஈரப் பஞ்சு வைக்க உள்ளே இடமே இல்லை. உட்புறப் பலகை பல பேழைகளில் செடார் அல்ல, மேப்பிளோ தோதகத்தியோதான். ஆக இது சுருட்டை மாதக்கணக்கில் சேமிக்கும் களஞ்சியமாகச் செய்யப்படவில்லை. அன்று மாலை விருந்தினருக்குப் பரிமாறும் பாத்திரமாகச் செய்யப்பட்டது. ஈரப்பதம் காக்கும் பெட்டி வீடுகளில் பரவியது 20-ஆம் நூற்றாண்டில். அதை முந்தைய நூற்றாண்டின் பேழைமேல் திணிப்பது வரலாற்றுப் பிழை.

அளவும் ஒத்துவராது. அக்காலச் சுருட்டுகள் பெரும்பாலும் மெலிந்தவை. இன்று பலரும் விரும்பும் ‘ரொபுஸ்தோ’ சுருட்டின் வளைய அளவு 50. அதாவது அங்குலத்தின் 64-இல் 50 பங்கு, கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் விட்டம். பழைய பிடிகளில் அது நுழையாது. நுழையவைப்பதற்காகத் துளைகளைக் குடைந்து பெரிதாக்கிய பேழைகளும் உண்டு. அப்படிச் செய்த ஒன்றை ‘நன்கு பயன்படும் நிலை’ என்று விவரிப்பது, வீணையின் மெட்டுகளைப் பிடுங்கிவிட்டு அலமாரிப் பலகையாக நன்றாக உதவுகிறது என்பதற்கு ஒப்பானது.

எதிர்வாதம்

இவ்வளவு சொன்னபின், எதையும் தொடாதே என்ற கட்சிக்கு நான் போய்விட்டதாகத் தோன்றலாம். அந்தக் கட்சியிலும் பாசாங்கு உண்டு. அழுக்கை ‘பழமையின் அழகு’ என்று விற்பதும் ஒரு வணிக உத்திதான். வேலை செய்யாமல் விட்ட சோம்பலை நெறி என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

எழும்பிய பித்தளை அப்படியே நிற்பதில்லை. துடைக்கும் துணியின் நூல் அதில் மாட்டும். மாட்டினால் கோடு முழுவதும் உரிந்துவரும், பக்கத்து வெனீரையும் பெயர்த்துக்கொண்டு வரும். பூச்சி உயிரோடிருக்கும் பேழையை அப்படியே வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது. இந்த இரண்டு இடங்களிலும் தலையிடாமலிருப்பதே குற்றம்.

இன்னும் நுட்பமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. இந்தப் பேழைகள் மங்கலாக இருப்பதற்காகப் பிறந்தவை அல்ல. புதிதாக இருந்தபோது பித்தளை தகதகத்தது, சிவப்பு ஓடு எரிந்தது, அரக்கு கண்ணாடிபோல் மின்னியது. செய்தவரின் நோக்கம் பளபளப்பு என்றால், அதைத் திருப்பித் தருவதுதானே நேர்மை? செசாரே பிராந்தி 1963-இல் வெளியிட்ட சீரமைப்புக் கோட்பாட்டில் இந்த இழுபறியை நேராகவே எதிர்கொண்டார். ஒரு கலைப்பொருளுக்கு அழகியல் உரிமை ஒன்று, வரலாற்று உரிமை ஒன்று. சீரமைப்பு முதலாவதை மீட்கலாம், ஆனால் காலம் கடந்துவந்த தடத்தை அழிக்காமல். அடுத்த ஆண்டின் வெனிஸ் சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றது. அது கட்டடங்களுக்காக எழுதப்பட்டது. ஆனால் பெட்டிக்கும் பொருந்தும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எதிர்வாதம் பாதி வெல்கிறது. அரக்கின்மேல் அரக்கு ஏற்றுவது, அழுக்கை எடுப்பது, மெழுகு பூசுவது, பித்தளையைப் படியவைப்பது அனைத்தும் நியாயமே. பித்தளையைப் பொன்போல் தேய்ப்பது மட்டும் நியாயமில்லை. ஒவ்வொரு தேய்ப்பும் செதுக்கலை இம்மியளவு தின்னும். தின்றதைத் திருப்பித் தர வழியில்லை. செய்தவர் பளபளப்பை விரும்பினார் என்பது உண்மை. செதுக்கலையும் அவர்தான் விரும்பினார்.

இந்தப் பேழைக்கு இவ்வளவு கவலை தகுமா?

திறனாய்வு இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியான இரண்டாம் பேரரசின் ரசனைக்கு நல்ல பெயர் இல்லை. எல்லா நூற்றாண்டுகளிலிருந்தும் எடுத்து ஒட்டிய பாணி, கட்டடக் கலைஞர் கார்னியே 1861-இல் தொடங்கிய பாரிஸ் ஓபரா மண்டபத்தின் அதே ஆரவாரம் மேசை அளவுக்குக் குறுகியது என்பது பழைய குற்றச்சாட்டு. பித்தளை–ஆமை ஓட்டுப் பதிப்பைப் பொறுத்தவரை குற்றச்சாட்டு சரியே. பதினான்காம் லூயி 1672-இல் அரசவைத் தச்சராக ஏற்ற ஆந்திரே-ஷார்ல் பூலின் கலை அது. பித்தளைத் தகட்டையும் ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே ரம்ப வெட்டில் அறுத்து, ஒன்றின் வெற்றிடத்தில் மற்றொன்றைப் பதித்தவர் பூல். 19-ஆம் நூற்றாண்டுப் பட்டறைகள் மெல்லிய தகடுகளைப் பல அடுக்காக வைத்து அறுத்தன. வேலை விரைந்தது, தகடு மெலிந்தது, உரியும் வேகமும் கூடியது. பூலின் மூலத்தோடு வைத்தால் இவை இரண்டாம் தரம். துயா முண்டு போர்த்திய எளிய பேழைகள் இந்த ஒப்பீட்டில் தப்பிவிடுகின்றன. மரத்தின் அழகே அங்கே அலங்காரம்.

ஆனால் உள்ளே விரியும் தட்டுகளுக்கு முன்மாதிரி என்று பூலிடம் ஒன்றும் இல்லை. மூடியைத் தூக்கும் ஒரே அசைவில் நான்கைந்து தட்டுகள் தத்தம் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. கைகளின் நீளமும் சுழல் ஆணிகளின் இடமும் ஒரு மயிரிழை பிசகினாலும் தட்டுகள் ஒன்றோடொன்று முட்டும். நல்ல பேழையைத் திறக்கும்போது கைக்குத் தடையே தெரியாது. பாதியில் விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். கை ஒன்று வளைந்துபோன பேழையில் மூடி கடைசி அங்குலத்தில் இழுபடும், ஒரு தட்டு சாய்ந்து நிற்கும். அந்த யுகத்தின் சொந்தச் சாதனை இந்த இயக்கம்தான். வெளிப்புறம் கடன் வாங்கியது, உட்புறம் கண்டுபிடித்தது.

நிலையை எடைபோடும் வரிசை இதிலிருந்தே பிறக்கிறது. முதலிடம் உள்ளே இருக்கும் இயக்கமும் தட்டுகளும்: முழுமையாக, மாற்றப்படாமல் இருக்கின்றனவா? இரண்டாவது உள்ளுடல்: பிளவும் பூச்சியும் இல்லாமல் நேராக நிற்கிறதா? மூன்றாவது பதிப்பும் வெனீரும்: செதுக்கல் பிழைத்திருக்கிறதா? நான்காவது மேல்மெருகு. ஐந்தாவதாகத்தான் பூட்டிலுள்ள பெயர். இன்றைய சந்தை இந்த வரிசையை ஏறக்குறையத் தலைகீழாக வைத்திருக்கிறது. பெயருக்கும் மெருகுக்கும் பணம் கொடுக்கிறது. தட்டுகளைப் பிடுங்கி எறிந்ததைக்கூட மன்னித்துவிடுகிறது.

தீர்ப்பு

மூடியில் மயிரிழை விரிசல், மூலையில் எழும்பிய பித்தளை, மங்கிய அரக்கு, சாவி தொலைந்த பூட்டு, ஆனால் தட்டுகள் அனைத்தும் இருந்து, திறந்தால் தாமாக எழுகின்றன என்றால், அந்தப் பேழை நல்ல நிலையில் இருக்கிறது. அதற்குத் தேவை பித்தளையைப் படியவைக்கும் பசை வேலை, சுத்தம், மெழுகு, ஒரு புதுச் சாவி. வெயிலும் சூடாக்கியும் ஏசிக் காற்றும் நேராகப் படாத இடம் கொடுத்தால் இன்னொரு நூறாண்டு ஓடும்.

கண்ணாடிபோல் மின்னி, பித்தளை பொன்போல் தகதகத்து, புகழ்பெற்ற பெயர் பூட்டில் இருந்து, உள்ளே புதிய செடாரும் ஈரப்பத மானியும் பதித்த பேழை, எவ்வளவு அழகாக இருந்தாலும், மோசமான நிலையில் இருக்கிறது. அதை நல்ல சுருட்டுப் பெட்டி என்று வாங்கலாம்; அதற்கு இன்றைய புதுப் பெட்டியின் விலை போதும். மூன்றாம் நெப்போலியன் காலப் பேழை என்ற விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

விற்பவர்களிடம் வாங்குபவர் கேட்க வேண்டியவை நான்கு: உட்புறம் மூலமா, மேற்பூச்சு அரக்கா, எதை எப்போது யார் சரிசெய்தார்கள், ஆமை ஓட்டுக்கும் தோதகத்திக்கும் காகிதம் இருக்கிறதா. இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தராமல் ‘வயதுக்கேற்ற நல்ல நிலை’ என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.